கூட்டுத்தொகையின் சாட்சி

எண்களைக் காப்பதற்கு மற்றோர் எண்ணையே காவலாக நிறுத்தும் வழக்கம் நெடுநாள் நிலவுவதாகும். கணக்கேட்டின் அடியில் எழுதப்படும் மொத்தம் அத்தகையது. நூல்களின் பின்னட்டையில் முன்னர் அச்சிடப்பட்ட பத்திலக்கச் சர்வதேசத் தர எண்ணின் இறுதி இலக்கமும் அத்தகையதே. முன்னுள்ள ஒன்பது இலக்கங்களிலிருந்து கணித்துப் பெறப்படும் அது, அவற்றுள் ஒன்று பிழைபட எழுதப்படின் அப்பிழையைக் காட்டிக் கொடுக்கும். இக்காவலன் இன்று மோட்டார் வாகனத்தினுள்ளும் அமர்ந்திருக்கிறான். சரிபார்ப்புத் தொகை என்பது அவன் பெயர்.

1979 ஆம் ஆண்டில் பொஷ் நிறுவனத்தின் மொற்றோனிக் என்னும் அமைப்பு பி.எம்.டபிள்யூ. 732 ஐ காரிலே பொருத்தப்பட்டபோது, எரிபொருள் செலுத்துதலும் தீப்பொறி எழுப்புதலும் ஒரே இலத்திரனியல் பெட்டியின் ஆட்சிக்குள் வந்தன. பின்னர் தடுப்பு, கதவு, விளக்கு, வேகமானி ஆகியவற்றுக்கும் தனித்தனிப் பெட்டிகள் தோன்றின. ஒரே வகைப் பெட்டி பல நாடுகளுக்கும் பல மாதிரிகளுக்கும் பயன்பட வேண்டியிருப்பதால், எந்த அளவுச் சில்லு, எந்தக் கியர்ப்பெட்டி, மைலா கிலோமீற்றரா என்பன போன்ற விபரங்கள் அதன் நினைவகத்திற் சிறு சிறு எண்களாகப் பதியப்படுகின்றன.

அத்தகைய நான்கு எண்கள் 12, 200, 47, 90 எனக் கொள்வோம். இவற்றின் கூட்டுத்தொகை 349. ஒரு பைற்றில் அடங்கக் கூடிய பெறுமானங்கள் 256 ஆதலின், 349 ஐ 256 ஆல் வகுத்தால் மீதி 93. அதனை 256 இலிருந்து கழிக்க வரும் 163 ஐந்தாவது எண்ணாக எழுதப்படுகிறது. ஐந்தையும் கூட்டினால் 512. அது 256 ஆல் மீதியின்றி வகுபடும். பெட்டி விழித்தெழும்போது செய்து பார்க்கும் சோதனை இவ்வளவே. சில்லின் சுற்றளவைக் குறிக்கும் 47 ஐ ஒருவர் 52 ஆக மாற்றிவிட்டு மற்றவற்றை அப்படியே விட்டால் மொத்தம் 517 ஆகும். மீதி 5 எஞ்சுகிறது. உடனே எச்சரிக்கை விளக்கு எரியும். சில பெட்டிகள் இயங்கவே மறுக்கும். நினைவகத்தின் கூட்டுத்தொகை பிழைத்தது என்பதற்கெனவே ‘பி 0601’ என்னும் பொதுக் குறியீடு வாகனத் துறையில் உண்டு.

இச்சோதனை எழுந்த காரணம் நியாயமானது. எழுதும்போது பற்றறியின் மின்னழுத்தம் வீழலாம். பல்லாயிரம் முறை எழுதப்பட்ட நினைவகம் தேயலாம். சிதைந்த எண்ணொன்றை மெய்யென நம்பி எஞ்சின் இயங்குவது ஆபத்தானது. ஆகவே, புதிய அளவுச் சில்லைப் பொருத்திய திருத்துநர் 47 ஐ 52 ஆக்கியதோடு நிற்க முடியாது. 163 ஐயும் 158 ஆக்க வேண்டும். அப்போதுதான் மொத்தம் மீண்டும் 512 ஆகும், பெட்டி அமைதியுறும்.

அந்த அமைதியின் பொருள் யாது என்பதே இங்கு எழும் வினா. எண்கள் தம்முள் ஒத்துப்போகின்றன என்பதற்கு மேல் 158 எதனையும் கூறவில்லை. 47 உம் 90 உம் இடம் மாறி நின்றாலும் கூட்டல் மாறாது. காவலன் அதனை அறியான். 1961 இல் வெஸ்லி பீற்றர்சன் வெளியிட்ட, பல்லுறுப்பி வகுத்தலின் மீதியைக் கொண்டு சோதிக்கும் முறை, இத்தகைய இடமாற்றங்களையும் பிடித்துவிடும். ஆயினும், கணிக்கும் முறையை அறிந்தவர் எவரும் அந்த மீதியையும் புதிதாகக் கணித்து எழுதலாம். சில்லின் அளவைத் திருத்தும் நேர்மையாளரும், ஓடிய தூரத்தைக் குறைத்து வாகனத்தை விற்க முனையும் வஞ்சகரும் செய்யும் கணக்கு ஒன்றே. தற்செயலுக்கு எதிராக அமைந்த காவல் கருத்தோடு செய்யப்படும் மாற்றத்தைத் தடுக்காது.

இக்குறையை நீக்க 1977 இல் றைவெஸ்ற், ஷமிர், அடில்மன் ஆகியோர் கண்ட மறைகுறி முறையையும் அதனையொத்த பிறவற்றையும் தழுவிய இலக்கக் கையொப்பங்கள் வாகனங்களுள் நுழைந்தன. இரகசியத் திறவுகோல் உடையவர் மட்டுமே அக்கையொப்பத்தை இடலாம். திறவுகோலோ உற்பத்தியாளர் கையில் இருக்கிறது. கணித அளவில் இஃது உறுதியான காவலே. ஆனால், திறவுகோலை வைத்திருப்பவரே பொய்யுரைத்தால் என் செய்வது?

2015 ஆம் ஆண்டு இவ்வினாவுக்கு விடையளித்தது. வாகன உரிமையாளர் தம் வாகனத்தின் மென்பொருளைத் திருத்த அனுமதிக்கும் சட்ட விலக்கை எதிர்த்து, ஐக்கிய அமெரிக்கச் சுற்றாடற் பாதுகாப்பு முகவரகம் அவ்வாண்டு யூலையிற் பதிப்புரிமை அலுவலகத்துக்கு எழுதியது. உரிமையாளர் கை வைத்தால் புகை மாசு மிகும் என்பது அதன் அச்சம். செப்டெம்பர் 18 ஆம் திகதி அதே முகவரகம் வொக்ஸ்வாகன் நிறுவனத்தின் மீது குற்றஞ்சாட்டியது. ஏறத்தாழ 4,82,000 டீசல் கார்களின் மென்பொருள், சோதனைக்கூடத்தை இனங்கண்டு அங்கு மட்டும் மாசைக் குறைத்து, வீதியிலே நைதரசன் ஒட்சைட்டுக்களை அனுமதித்த அளவின் 40 மடங்கு வரை வெளியிட்டமை அறியப்பட்டது. உலகெங்கும் அத்தகைய மென்பொருள் கொண்டவை ஏறத்தாழ 110 இலட்சம் வாகனங்கள் என நிறுவனமே பின்னர் ஒப்புக்கொண்டது. அவ்வாகனங்களுள் எச்சரிக்கை விளக்கு எரியவில்லை. அந்த ஒக்ரோபரிலே திருத்துவோருக்கான விலக்கும் வழங்கப்பட்டது.

வாகனத்தின் பொய்யை உள்ளிருந்த எண் எதுவும் சொல்லவில்லை. மேற்கு வேர்ஜீனியாப் பல்கலைக்கழக ஆய்வாளர் காரிலே அளவுக்கருவியை ஏற்றி வீதியில் ஓட்டிப் பெற்று, 2014 இல் வெளியிட்ட அளவீடுகளே அதன் முதற் சான்றாயின. தம்முள் முரணின்மை உண்மைக்கு வேண்டியதொரு நிபந்தனை. போதிய நிபந்தனை ஆகாது. தத்துவ வகுப்பிற் கற்பிக்கப்படும் இவ்வேறுபாட்டை வாகனத் திருத்தகமும் அறியும். 158 ஐ எழுதி முடித்த நல்ல திருத்துநர் விளக்கு அணைந்ததோடு பணியை முடிப்பதில்லை. காரை வீதிக்கு எடுத்துச் சென்று, கிலோமீற்றர்க் கற்கள் இரண்டுக்கு இடையே ஓட்டி, தூரமானி காட்டும் தூரத்தை அக்கற்களோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்.