தண்ணீரில் ஓடினேன், சர்க்கரை ஏறியது!

அன்று நீச்சல் குளத்திலிருந்து வந்ததும் வராததுமாக விரலில் ஊசி குத்திச் சர்க்கரை பார்த்தேன். 188! காலையில் கிளம்பும்போது 152தான் இருந்தது. நடுவில் சர்க்கரை போடாத அரை டம்ளர் காப்பியைத் தவிர வாயில் ஒன்றும் போடவில்லை. உயிரைக் கொடுத்துத் தண்ணீரில் ஓடிவிட்டு வந்தால் சர்க்கரை இறங்கத்தானே வேண்டும்? ஏறுவானேன்? அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆரம்பத்திலிருந்தே சொல்லிவிடுகிறேன். எனக்கு வயது 46. சர்க்கரை வந்து மூன்று வருஷமாகிறது. டாக்டரம்மா நடக்கச் சொன்னார். நடந்தால் முழங்கால் விண்விண்ணென்று தெறிக்கும். நாலு நாள் நடப்பேன். பத்து நாள் தைலம் தேய்த்துக்கொண்டு கிடப்பேன். பயம் மட்டும் போகாது. என் அம்மாவுக்கு இதே வியாதியில் புண் ஆறாமல் வலது காலை எடுக்க வேண்டி வந்தது. கூடவே இருந்து பார்த்தவள் நான்.

"அப்போ தண்ணீரில் நடங்களேன்" என்றார் டாக்டரம்மா. இதயத்துக்கு ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்த பிறகே அனுப்பினார்.

எங்கள் ஊர்க் குளத்தில் காலையில் ஒரு மணி நேரம் பெண்களுக்கு மட்டும். "இந்த வயசிலே தண்ணியிலே குதிச்சு ஆடணுமாக்கும்?" என்றார் அத்தை. என் கணவர் ஒன்றும் பேசாமல் பணத்தைக் கட்டிவிட்டு வந்தார். சின்ன வயதில் இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு கிணற்றில் நீந்தியவள்தான் நான். ஆனாலும் முழுக்கை நீச்சல் உடையில் முதல் நாள் கூச்சம் பிடுங்கித் தின்றது.

நெஞ்சளவு தண்ணீரில் நின்றால், கால் தாங்கும் பாரம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதானாம். என் 74 கிலோ, 25 கிலோ போல ஆகிவிடுகிறது! முழங்கால் வலிக்கவே இல்லை. அதற்காகச் சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தி. இரண்டு மடங்கு வேகமாகக் காலை வீசினால் அது நாலு மடங்கு எதிர்த்துத் தள்ளும். ஒரு மாதம் மெதுவாகப் பழகிய பிறகு, பயிற்சி கொடுக்கும் பெண் 30 விநாடி முழு வேகத்தில் நின்ற இடத்தில் ஓடச் சொன்னாள். பிறகு ஒரு நிமிஷம் மெதுவாக நடை. இப்படி எட்டு முறை. தண்ணீருக்குள் நாடித் துடிப்பு கொஞ்சம் குறைவாகவே காட்டுமாம். அதனால், "ரெண்டு வார்த்தைக்கு மேலே பேச முடியலைன்னா சரியான வேகம்க்கா" என்பாள்.

அப்படி ஓடிய முதல் நாள்தான் அந்த 188.

மறுநாள் டாக்டரம்மாவிடம் ஓடினேன். அவர் சிரித்தார். "உடம்பை ரொம்ப விரட்டினா அட்ரினலின் சுரக்கும். ஈரல் சேர்த்து வைத்த சர்க்கரையை ரத்தத்திலே கொட்டும். கொஞ்ச நேரத்திலே இறங்கிடும். இன்னிக்குக் காலையிலே பார்த்தீங்களா?" பார்த்திருந்தேன். 128!

அப்புறம் விளக்கினார். வேகமாக இயங்கும் தசை, இன்சுலின் உதவி இல்லாமலேகூட ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். தன்னிடமிருந்த சேமிப்பும் தீர்ந்துபோவதால், அதை மறுபடி நிரப்ப, ஒரு நாளைக்கும் மேலாகச் சர்க்கரையை வாங்கிக்கொண்டே இருக்கும். இன்சுலினும் நன்றாக வேலை செய்யும். இரண்டு நாள் சும்மா இருந்தால் இந்தப் பலன் கரைந்துவிடும். அதனால்தான் ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது போக வேண்டுமாம்.

நான் செய்த தப்பையும் சொல்ல வேண்டுமே! குளிர்ந்த தண்ணீரிலிருந்து ஏறினால் அகோரப் பசி எடுக்கும். "அதான் ஓடியாச்சே" என்று வழியில் வடையும் பொங்கலும் வெட்டினேன். இரண்டாம் மாதம் எடை ஒரு கிலோ கூடியிருந்தது! இப்போது கையோடு வேகவைத்த சுண்டல் கொண்டு போகிறேன்.

ஆறு மாதத்தில் என் மூன்று மாதச் சராசரி 8.2லிருந்து 7.1க்கு வந்திருக்கிறது. மாத்திரையை நிறுத்தவில்லை; நீங்களும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இன்சுலின் போடுபவர்களுக்குத் தண்ணீரில் சர்க்கரை சட்டென்று தாழ்ந்துவிடலாம். இதயக் கோளாறு, கண்ணின் உள்ளே ரத்தக் கசிவு, காலில் புண் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்கவே கூடாது.

குளத்திலிருந்து வந்ததும் விரலிடுக்குகளைத் துடைத்து, பாதத்தைக் கண்ணாடியில் பார்ப்பேன். போன வாரம் அத்தை வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "கண்ணாடி எதுக்குடி? நான் பார்த்துச் சொல்றேன், காலை நீட்டு" என்றார். நீட்டினேன். அம்மா ஞாபகம் வந்துவிட்டது.