பாலைவெளியில் பெண்கள் ஒன்றுகூடல்

அமெரிக்க நாட்டின் அரிசோனா மாநிலத்தில், கொலராடோ ஆற்றிலிருந்து கிழக்கே ஏறக்குறைய இருபது மைல் தொலைவில், குவாட்சைற் என்றொரு சிற்றூர் உண்டு. 2020ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அங்கு வாழ்வோர் 2,413 பேரே. ஆயினும், வடபுலத்திலே பனி பெய்யத் தொடங்கியதும், அவ்வூரைச் சூழ்ந்த பாலைவெளி எங்கும் வீட்டு வண்டிகள் வந்து நிறைந்துவிடும். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தாங்கி, கழிப்பிடம் யாவும் அமைந்த வண்டிகள் அவை. சில தாமே ஓடுவன. சில மோட்டார் வண்டியின் பின்னே கொளுவி இழுக்கப்படுவன.

அந்நிலத்திற் பெரும்பகுதி மத்திய அரசாங்கத்துக்கு உரியது. பல இடங்களிற் பதினான்கு நாட்கள் வரை கட்டணமின்றித் தங்கலாம். நீண்டகாலம் தங்க விரும்புவோருக்கு லா போசா என்னும் வெளி, செப்டெம்பர் 15 முதல் ஏப்ரில் 15 வரை, அனுமதிச் சீட்டுடன் திறந்திருக்கும்.

சென்ற ஜனவரியில் எமது தோழி ஒருவரின் அழைப்பை ஏற்று, வீட்டு வண்டியிற் பயணஞ் செய்யும் பெண்களின் ஒன்றுகூடல் ஒன்றுக்காக நாம் அவ்விடஞ் சென்றோம். பகல் இதமாயிருந்தது, இரவிலோ கம்பளியின்றி இருத்தல் இயலவில்லை. ஆளுயரத்தை மிஞ்சிய சகுவாரோக் கள்ளிகள் காவலர் போல் நின்றன. அவற்றிடையே நூற்றுக்கு மேற்பட்ட வண்டிகள். ஒவ்வொன்றின் வாசலிலும் ஒரு பெண்.

விருந்தும் வேடிக்கையுமாக இருக்கும் என்று எண்ணிச் சென்றோம். கண்டதோ ஒரு பள்ளிக்கூடம். சவர்க்காரம் கரைத்த நீரை எரிவாயுக் குழாயின் பொருத்துக்களிலே தடவி, குமிழி எழுந்தாற் கசிவு உண்டென அறியும் முறையை ஒருவர் காட்டினார். கழிப்பிடத் தாங்கியை முதலிலும் குளித்த நீர்த் தாங்கியைப் பின்னரும் திறந்தால், அந்த நீரே குழாயைக் கழுவிவிடும் என்று மற்றொருவர் விளக்கினார். நரைத்த தலையினர் பலர் குறிப்புப் புத்தகத்துடன் மாணவிகள் போல் அமர்ந்திருந்தனர்.

இத்தகைய கூட்டுறவு அந்நாட்டுப் பெண்களுக்குப் புதிதன்று. 1909ஆம் ஆண்டில், இருபத்திரண்டு வயதான அலிஸ் ராம்சே என்பார், நியூயோர்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வரை 59 நாட்களில் மோட்டார் வண்டி செலுத்திச் சென்றார். உடன் சென்ற பெண்கள் மூவரில் ஒருவருக்கேனும் வண்டி செலுத்தத் தெரியாது. வழியிலே பதினொரு தடவை ரயர் மாற்றினார் அவர். அமெரிக்காவைக் குறுக்கே கடந்து வண்டி செலுத்திய முதற் பெண்மணி அவரே.

எனினும் அவர் வழி எல்லோருக்கும் வாய்க்கவில்லை. எமது பக்கத்து வண்டியில் இருந்த எழுபத்தாறு வயது மூதாட்டி இதற்குச் சான்று. அந்நாட்டிற் சாரதியின் ஆசனம் இடப்பக்கம். "முப்பது ஆண்டுகள் வலப்பக்கத்திலே, மடியில் வரைபடத்துடன் அமர்ந்திருந்தேன். அவர் போன பின்புதான் இடப்பக்கம் ஏறினேன்," என்றார். முன்னோக்கிச் செலுத்த ஒருவாறு பழகிக்கொண்டார். பின்னோக்கிச் செலுத்தவோ அச்சம். ஆதலால் நேரே நுழைந்து நேரே வெளியேறக்கூடிய இடங்களிலே மட்டும் தங்கி வந்தார். வண்டியை விற்றுவிட்டுத் தம்முடன் வந்து இருக்குமாறு மகன் வற்புறுத்தினாராம். விலை பேச ஒருவர் அடுத்த வாரம் வர இருந்தார்.

மூன்றாம் நாள் பின்னோக்கிச் செலுத்தும் பயிற்சி. இழுவை வண்டியைப் பின்னே செலுத்துகையில், சுக்கான் சில்லை இடம் திருப்பினால் வண்டி வலம் போகும். புதியவர் மயங்குவது இங்கேதான். "சில்லின் அடியிலே கையை வையுங்கள் அம்மா. கை போகும் பக்கமே வண்டியின் பின்புறமும் போகும்," என்றார் கற்பித்த பெண்.

முதன்முறை எல்லைக்கு வைத்த கூம்பு சரிந்தது. இரண்டாம் முறையும் சரிந்தது. மூன்றாம் முறை வண்டி முறுகி நின்றுவிட, மூதாட்டியின் முகம் வாடிற்று. சுற்றி நின்ற எவரும் சிரிக்கவில்லை. சுக்கானைத் தாம் பிடிப்பதாகவும் எவரும் முன்வரவில்லை. நான்காம் முறை வண்டி மெல்ல மெல்லத் தன் இடத்திற் புகுந்தது. மூதாட்டி இறங்கி, வண்டியைச் சுற்றி வந்து, சில்லுகள் நின்ற இடத்தை நெடுநேரம் பார்த்தார்.

அன்றிரவு நெருப்பைச் சூழ்ந்திருந்தபோது, வண்டியை விற்பதாகத்தான் இருக்கிறீர்களா என்று கேட்டோம். "விற்றாலும் விற்பேன். என் மகன் நல்லவன். ஆனால், ஓட்டத் தெரியாமையால் விற்றேன் என்றிருக்கக் கூடாது," என்றார்.

உதவி செய்வதாக எண்ணி, பிறர் கையிலுள்ள கருவியை நாம் எத்தனை முறை பறித்துக்கொள்கிறோம்! வீட்டிலே மின்னுருகி மாற்றுவதாயினும், பற்றரியைக் கவனிப்பதாயினும், தெரிந்தவர் ஒருவர் இருக்கும்போதே மற்றவரும் கற்றுக்கொள்ளல் நன்று. கற்பிப்பவர் செய்யவேண்டியது ஒன்றே: நான்காம் முறை வரை பொறுத்து நிற்றல். பாலைவெளியிலிருந்து நாம் கொண்டுவந்த பாடம் இதுவே.