டேஷ்போர்டில் வெந்த கேமரா!

அப்பாவோட பென்டாக்ஸ் கே1000, எங்க வீட்டுல எனக்கு மூத்த பிள்ளை. 1976-ல இருந்து 1997 வரைக்கும் தயாரான மாடல். முழுக்க மெக்கானிக்கல். பேட்டரி செத்தாலும் ஷட்டர் 'டொக்'குனு விழும். லைட் மீட்டர் மட்டும்தான் படுத்துக்கும். அப்பேர்ப்பட்ட இரும்பு மனுஷனை நான் எப்படிச் சாய்ச்சேன் தெரியுமா பாஸ்? கார்ல வெச்சுக் கதவைப் பூட்டி!

போன மே மாசம் அக்கா கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க, திருநெல்வேலி பக்கம் பத்து நாள் ஊர் ஊரா அலைச்சல். 'பத்திரமா இருக்கட்டுமே'னு கேமராவை டேஷ்போர்டு பெட்டிக்குள்ளயே விட்டுட்டேன். படிக்கிறது மெக்கானிக்கல், தெர்மோடைனமிக்ஸ்ல ஏ கிரேடு வேற! நிறுத்தின காருக்குள்ள ஒரு மணி நேரத்துல, வெளியில இருக்கறதைவிட சராசரியா 22 டிகிரி செல்சியஸ் ஏறும்னு 2005-லயே அமெரிக்காவுல அளந்து எழுதியிருக்காங்க. அதுல 80 சதவிகிதம் முதல் அரை மணியிலயே. கண்ணாடியை லேசா இறக்கி விட்டாலும் பெரிசா லாபமில்லையாம்.

கடைசி நாள் ஆச்சி வீடு. பீரோவுல இருந்து பாம்படத்தை எடுத்துப் போட்டுக்கிட்டு வந்து நின்னா. மறுவாரம் அதை அழிச்சு அக்காவுக்குச் செயின் செய்யப் போறாங்க. "ஏலே, போன்ல புடிச்சா எங்க போவுதுன்னே தெரியல. கையில குடுக்குற மாதிரி ஒண்ணு எடு!" தென்னந்தோப்புல, கிணத்தடியில, வாசல்லனு 20 படம் தட்டினேன். சாயங்காலம் அடுப்படி இருட்டுல கடைசியா ஒண்ணே ஒண்ணு.

கழுவி வந்த ரோலைப் பார்த்தா, வெளியில எடுத்தது அத்தனையும் வெள்ளாவி வெச்ச மாதிரி வெளுத்துக் கிடக்கு. பாம்படம் எங்க, காது எங்கன்னே தெரியலை!

ரிப்பேர் கடை அண்ணன் லென்ஸைப் பிரிச்சுக் காட்டினார். வெயில்ல கிரீஸ் இளகி, அப்பெர்ச்சர் தகடுகள்ல எண்ணெயா பரவி ஒட்டிக்கிச்சு. நான் எஃப் 11-னு திருப்பி வெச்சாலும் தகடு சட்டுனு மூடலை. வெளிச்சம் கொட்டோ கொட்டுனு கொட்டியிருக்கு. வ்யூஃபைண்டர்ல பார்க்கிறப்போ லென்ஸ் எப்பவும் முழுசா திறந்துதான் இருக்கும். அதனால எனக்கு ஒண்ணுமே தெரியலை.

இப்போல்லாம் கேமராவும் ஃபிலிமும் தெர்மோகோல் பெட்டிக்குள்ள, துண்டு சுத்தி, முன் சீட்டுக்குப் பின்னாடி நிழல்ல பயணம் பண்ணுது. ஐஸ் கட்டி வைக்கிறதில்லை, ஈரம் சேர்ந்தா பூஞ்சைக்கு விருந்து. ஏசி கார்ல இருந்து இறங்கினா கொஞ்ச நேரம் பைக்குள்ளயே ஆறவிடறேன், இல்லைனா லென்ஸ் வியர்த்துடும். லென்ஸ் மூடியை மறக்கவே மாட்டேன். கே1000-ல மீட்டருக்குத் தனி சுவிட்ச் கிடையாது, மூடிதான் சுவிட்ச்! வண்டியை நிறுத்தினா பெட்டியும் என்கூடவே இறங்கிடும். டீக்கடையில "மீனா தம்பி?"னு கேட்கிறாங்க. கேட்டுட்டுப் போகட்டும்.

அந்த அடுப்படிப் படம்? இருட்டுங்கறதால லென்ஸை எஃப் 2-ல முழுசா திறந்து எடுத்தது. தகடு மூட வேண்டிய வேலையே இல்லை. தப்பிச்சுடுச்சு! பிரின்ட் போட்டுக் கையில குடுத்தேன். ஆச்சி முந்தானையால துடைச்சு, ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிச்சுப் பார்த்தா.

"ஒரு காதுதாம்ல விழுந்திருக்கு..."