திருவதிகை முதல் கடல் வரை: ஒரு மூட்டை முந்திரியும் திமிங்கலக் கணக்கும்

பண்ருட்டியில் ஆட்டோ ஏறினால் சில நிமிடங்களில் திருவதிகை. கெடிலக் கரையில் வீரட்டானேஸ்வரர் கோயில். சிவபெருமான் முப்புரம் எரித்த தலம் என்பது ஐதீகம். சூலை நோயோடு வந்த அப்பர், அக்கா திலகவதியாரிடம் திருநீறு பெற்று நலமடைந்ததும் இங்கேதான்.

பிறகு அவரைக் கல்லில் கட்டிக் கடலில் தள்ளினார்கள். கல்லே தெப்பமாகி மிதந்தது என்கிறது பெரியபுராணம். அவர் கரையேறியதாகச் சொல்லப்படும் கரையேறவிட்டகுப்பம் கடலூரில் இருக்கிறது. சுமார் 25 கி.மீ. தூரம். கெடிலமும் கடலூர் அருகில்தான் கடலில் கலக்கிறது.

அப்படியே தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்குப் போனால், கூட வரும் வாண்டுகள் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு: “இந்தக் கடல்ல எத்தனை திமிங்கலம் இருக்கும்?”

2016 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டம் மணப்பாடு பகுதியில் 80-க்கும் மேற்பட்ட திமிங்கலங்கள் கரை ஒதுங்கின. கரையில் கிடப்பதை எண்ணிவிடலாம். மூச்சுவிட மட்டும் மேலே வந்து மறைகிற ஜீவனை எப்படி எண்ணுவது?

மூட்டைக்குள் விடை

விடை, வந்த வழியில் பண்ருட்டியிலேயே இருக்கிறது. ஒரு மூட்டை முந்திரிக்கொட்டையில் 100 கொட்டைகளை எடுத்து மை தடவுங்கள். திரும்பப் போட்டு நன்றாகக் கலக்குங்கள். மறுபடி 100 எடுங்கள். அதில் 10 கொட்டைகளில் மை இருந்தால், பத்தில் ஒன்று நாம் குறியிட்டது. ஆக, மூட்டையில் சுமார் 1,000 கொட்டை.

ஆனால் கைக்கு 8 வந்திருந்தால் கணக்கு 1,250 ஆகும். 12 வந்திருந்தால் சுமார் 830. மூட்டை அதேதான், மாறியது கைக்கு வந்தது மட்டுமே. அதனால் ஒரே எண்ணைச் சொல்லாமல், ‘இதிலிருந்து இது வரை’ என்று சொல்வதே நேர்மை.

திமிங்கலத்துக்கு மை வேண்டாம். வாலின் வடிவமும் உடலின் புள்ளிகளும் ஒவ்வொன்றுக்கும் வேறு, போட்டோ போதும். கப்பலில் நேர்கோட்டில் போய், கண்ணில் பட்டவற்றை வைத்து மொத்தக் கடலுக்கும் கணக்கிடுவது இன்னொரு வழி.

அண்டார்டிக் நீலத்திமிங்கலங்களை அப்படித்தான் கணக்கிட்டார்கள். வேட்டைக்கு முன் இரண்டு லட்சத்துக்கும் மேல் இருந்தவை, 1970-களில் சில நூறாகச் சுருங்கியிருந்தன. 1997-98க்கான மதிப்பீடு 2,300. ஆனால் உண்மை எண் 1,150 முதல் 4,500 வரை எங்கும் இருக்கலாம்!

‘இவ்வளவு இடைவெளியா, அப்புறம் என்ன கணக்கு?’ என்று தோன்றும். அதே ஆய்வுகள் இன்னொன்றும் சொல்லின: இவை ஆண்டுக்குச் சுமார் 7% பெருகுகின்றன. அதிலும் இடைவெளி உண்டு, 1.4 முதல் 11.6 வரை. கவனியுங்கள், கீழ் எல்லைகூடப் பூஜ்யத்துக்கு மேல். எத்தனை என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் கூடுகின்றன என்று தைரியமாகச் சொல்லலாம். வேட்டையை நிறுத்தியது வீண்போகவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

எப்படிப் போகலாம்?

விழுப்புரம் - கடலூர் ரயில் பாதையில் பண்ருட்டியில் இறங்கலாம். காலையில் திருவதிகை, மாலையில் கடலூர் கடற்கரை. நடுவே ஒரு பை முந்திரிக்கொட்டை வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் கேட்டால், மையோடு விளக்கிவிடலாம்.