காதில் பென்சில்

ஞாயிற்றுக்கிழமைகளில் வெயில் ஏறுமுன் அவர் மொட்டை மாடிக்கு வந்துவிடுவார். மடித்துக் கட்டிய லுங்கி, ஏதோ சிமெண்ட் கம்பெனி இலவசமாகக் கொடுத்த தொப்பி, காதில் பென்சில். தச்சர்கள் காதில் செருகிய பென்சில் விழுவதில்லை. இவருடையது குனிந்தால் விழும், நிமிர்ந்தால் விழும். விழுந்ததைத் தேடிக் கொண்டிருக்கும்போது எதற்காகக் குனிந்தோம் என்பது மறந்துவிடும். இடுப்பில் கைவைத்துக் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்ப்பார்.

குரோம்பேட்டையில் எங்கள் தெரு அகலம் குறைவு. இந்தப் பால்கனியில் காப்பி ஆற்றினால் அந்த மாடிக்கு மணக்கும். பார்க்கக் கூடாது என்று நினைத்தாலும் பார்க்காமல் இருக்க முடியாத தூரம். பேச்சும் பாதிக்கு மேல் காதில் விழுந்துவிடும்.

வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். வேலைக்கு ஆள் வைக்காததற்குக் கஞ்சத்தனம் காரணமில்லை. ஆள் கூலியைவிட அதிகமாகத்தான் சாமான் வாங்கித் தள்ளுகிறார். ஒருமுறை வந்த பிளம்பர் ஓர் எல்போவை லேசாகச் சாய்த்து ஒட்டிவிட்டார். இவர் சுட்டிக் காட்டினார். “தண்ணி வருதில்ல சார், அப்புறம் என்ன?” என்றார் பிளம்பர். இவர் மறுபேச்சுப் பேசாமல் கூலியைக் கொடுத்து அனுப்பிவிட்டு, மறுநாள் ஆக்ஸா பிளேடால் அந்த இடத்தை அறுத்து, புது எல்போ வாங்கி நேராக ஒட்டினார். அதோடு அந்த வீட்டுக்குக் கொத்தனார், பிளம்பர், பெயிண்டர் எல்லாமே அவர்தான்.

முதலில் தரை. பழைய வீடு. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு மேலே தட்டோடு பதித்த மாடி. ஓட்டு இடுக்கு விட்டுப்போனால் மழைத் தண்ணீர் மெல்ல இறங்கி, கீழே கூடத்துச் சீலிங்கில் உப்புப் பூக்கும். அதற்கப்புறம் உள்ளே கம்பி துருப்பிடிக்கும். செடி வைப்பதற்கு முன்னால் அதைச் சரிசெய்தே ஆகவேண்டும் என்று உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்றால், ஒரு பலகைத் துண்டைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, ஓர் இடுக்கைச் சுரண்டி, பெயிண்ட் பிரஷால் தூசி தட்டி, தண்ணீர் தெளித்து, கலவையைக் கரண்டி நுனியால் திணித்து, ஸ்பாஞ்சால் துடைத்து, பிறகு பலகையோடு அரையடி நகர்வார். ஒரு கோடை முழுக்க இப்படியே நகர்ந்தார். காலால் ஒரே எட்டில் கடக்கிற தூரத்துக்கு அவருக்கு ஒரு காலை தேவைப்பட்டது.

அப்புறம் பைகள் வந்தன. 2013-14 வாக்கில் சென்னையிலும் கோவையிலும் தோட்டக்கலைத் துறை ‘நீங்களே செய்து பாருங்கள்’ என்று மாடித்தோட்டத் தளை ஒன்றை மானிய விலையில் கொடுக்க ஆரம்பித்தது. பை, தென்னை நார்க் கழிவுக் கட்டி, விதை, அசோஸ்பைரில்லம் எல்லாம் சேர்ந்தது. அந்தப் பெயரே இவருக்காக வைத்ததுபோல் இருக்கிறது. நார்க் கட்டியை டிரம்மில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால், செங்கல் அளவுக்கு இருப்பது கண்ணெதிரே பொங்கிப் பல மடங்காகும். வடியும் முதல் தண்ணீர் டிகாஷன் நிறத்தில் இருக்கும். அதில் உப்பு உண்டு, வேருக்கு ஆகாது என்று தெளிகிறவரை அலசி அலசிக் கொட்டினார். செம்மண்ணை மட்டும் நிரப்பினால் மாடிக்குப் பாரம். அதனால் நார்க் கழிவே பெரும்பங்கு, செம்மண் கொஞ்சம், மண்புழு உரம் கொஞ்சம். பைகளைத் தரையில் வைக்காமல் செங்கல் அடுக்கி அதன்மேல் வைத்தார். அடியில் காற்றுப் போகவேண்டும், ஈரம் தங்கக் கூடாது.

இவ்வளவு செய்தவருக்குச் செடியைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பது எனக்குக் கொஞ்ச நாள் கழித்துத்தான் புரிந்தது. ஆடிப்பட்டத்துக்கு வெண்டையும் கத்திரியும் கொத்தவரையும் விதைத்தது அவர் மனைவிதான். சாயங்காலம் துணி எடுக்க வரும்போது அந்த அம்மாள் ஒவ்வொரு பையிலும் விரலை ஒரு கணு ஆழத்துக்கு விட்டுப் பார்ப்பார். இலையை மேலே பார்க்கமாட்டார், திருப்பி அடிப்பக்கம் பார்ப்பார். மாவுப்பூச்சி தெரிந்தால் லிட்டர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் தாழ்ந்தபின் அடிப்பார். 2019 கோடையில் ஊருக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வறண்டபோது ஏசியில் சொட்டும் தண்ணீரைப் பிடிக்க அழகாக ஒரு குழாய் அமைத்தார் அவர். நிறைந்த வாளியைப் படியேற்றிக் கொண்டுவந்தது இந்த அம்மாள்தான்.

அவருக்குத் தோட்டம் ஒரு சாக்கு. குழாய்தான் விஷயம்.

நீல டிரம்மை நாலடி மேடையில் ஏற்றி, அதிலிருந்து 16 மில்லிமீட்டர் கறுப்புக் குழாய் இழுத்து, பைக்கு ஒரு டிரிப்பர் குத்தினார். திறந்தார். முதல் வரிசையில் சொட்டியது. கடைசிக் கத்திரிக்கு ஒன்றும் வரவில்லை. வயலுக்கென்று செய்த டிரிப்பர் ஒழுங்காகச் சொட்டப் பத்து மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம் கேட்கும். நாலடி மேடையில் அதில் எட்டில் ஒரு பங்குதான் கிடைக்கும். இதைக் கண்டுபிடித்து டிரிப்பர்களைக் கழற்றி வெறும் மைக்ரோ டியூப் வைத்தார். அப்போதும் கத்திரிக்கு மனசில்லை. மாடிக்கு மழைநீர் ஓட வாட்டம் கொடுத்திருப்பார்கள் அல்லவா, கத்திரி அந்த வாட்டத்தின் மேட்டுப் பக்கம்.

அன்றைக்குத்தான் டியூப் லெவல் வெளியே வந்தது. தண்ணீர் நிரப்பிய, கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் குழாய். இரண்டு நுனியிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும், அவ்வளவுதான் சூட்சுமம். ஆனால் இரண்டு பேர் வேண்டும். டிரம் பக்கம் அவர். கத்திரிப் பக்கம் அந்த அம்மாள், ஒரு கையில் குழாய், இன்னொரு கையில் கீழே பால் வைத்துவிட்டு வந்த இடுக்கி.

“கோட்டுக்கு வந்துடுச்சா?”

“வருது, போகுது.”

“ஆட்டாம பிடி.”

“நான் ஆட்டலைங்க, தண்ணிதான் ஆடுது.”

“கொஞ்சம் தூக்கு. போதும் போதும். இப்போ?”

“பால் பொங்கிடும்ங்க.”

அவர் மண்டியிட்டு ஒரு கண்ணை மூடிக்கொண்டு தண்ணீரின் விளிம்பையே பார்த்துக் கொண்டிருந்தார். பென்சில் விழுந்தது. எடுக்கவில்லை. பால் பொங்கிய வாசனை எங்கள் பால்கனி வரைக்கும் வந்தது. அதற்கப்புறமும் இரண்டு குறி போட்டார்.

ஓட்டுச் சில்லுகளை அடியில் சொருகிக் குழாயை வரிசை முழுக்க மட்டப்படுத்தியபின் கத்திரி தழைத்ததென்னவோ உண்மை. ஊதா நிறத்தில் பூத்து, கொத்துக் கொத்தாகக் காய்த்தது. அவர் தினமும் காலையில் வந்து கத்திரியைப் பார்ப்பதில்லை, குழாயைப் பார்ப்பார். தடவிக்கூடக் கொடுப்பார்.

அவர் மதியம் தூங்குகிறவர். அந்த நேரத்தில்தான் அந்த அம்மாள் அரிசி கழுவிய தண்ணீரோடு மேலே வருவார். மற்றப் பைகளைத் தாண்டி நேராகக் கடைசிப் பைக்குப் போய், மெதுவாகச் சுற்றி ஊற்றுவார். அந்த மைக்ரோ டியூப் எப்போதோ பாசி அடைத்து நுனி காய்ந்து கிடந்தது. அதை அந்த அம்மாள் தொடுவதில்லை, அவரிடம் சொல்லவும் இல்லை போலிருக்கிறது. லெவல் பண்ணாவிட்டால் மற்றப் பைகளுக்கும் சரியாகத் தண்ணீர் போயிருக்காது. அந்தப் புண்ணியம் குழாய்க்குப் போகட்டும்.

போன வாரம் பக்கத்துத் தெருவிலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். அவரும் ஓய்வு பெற்றவர்தான். புதுசாக வாங்கிய மாடித்தோட்டப் பைகள் வீட்டில் மடித்தபடியே கிடக்கின்றனவாம். வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் கத்திரியிடம் நின்றுவிட்டார்.

“இதுக்கு மட்டும் தனியா என்ன சார் உரம் போடறீங்க?”

“உரமெல்லாம் ஒண்ணுமில்ல சார். எல்லாம் லெவல்” என்று குனிந்து குழாயைக் காட்டினார் நம்மவர். டியூப் லெவல் எப்படிப் பிடிக்க வேண்டும், வாட்டம் எங்கே ஏமாற்றும் என்றெல்லாம் விளக்கம் நீண்டது. வந்தவர் செல்போனில் படம் எடுத்துக்கொண்டார், குழாயை.

கொடியில் புடவையை உதறிப் போட்டுக்கொண்டிருந்த அம்மாள் திரும்பினார்.

“ஏங்க, காய் முத்திடும். சாருக்கு நாலு பறிச்சுக் குடுங்க.”