கத்தரிக்காய்க்குள்ள என்ன இருக்கு?

கேரளாவுல, விதுரா சந்தையில கத்தரிக்காய் எடுத்தேன்.
"வேண்டாம்மா, மரபணு மாத்தினதா இருக்கும். ஆர்கானிக் கடையில வாங்கிக்கலாம்"னாங்க அத்தை.

பயம் நியாயம்தான். வீட்ல சின்னப் பிள்ளைங்க இருக்காங்க.

ஆனா மரபணு மாத்தின பி.டி. கத்தரியை 2010 பிப்ரவரியிலேயே மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நிறுத்தி வெச்சுட்டார். அதை உருவாக்கினதுல நம்ம கோவை வேளாண் பல்கலைக்கழகத்துக்கும் பங்கு உண்டு. வங்கதேசத்துல 2014லேர்ந்து பயிர் பண்றாங்க. இந்தியாவுல இன்னும் அனுமதி இல்ல.

2002ல அனுமதி கிடைச்ச பி.டி. பருத்தி வேற கதை.
அந்தப் பருத்திக்கொட்டை எண்ணெய் சமையலுக்கும் போகுது.
மிக்சர் பாக்கெட்டோட பின்பக்கத்தை யாரு படிக்கிறோம்?

என் கவலை பூச்சிமருந்துதான்.
கத்தரியில தண்டையும் காயையும் துளைக்கிற புழு ஒண்ணு இருக்கு. உள்ள போயிட்டா மருந்து எட்டாது. அதனாலதான் திரும்பத் திரும்ப அடிக்கிறாங்க.
மூக்குல துண்டைக் கட்டிக்கிட்டு அடிக்கிறவரும் ஒரு வீட்டோட அப்பாதானே.

"தமிழ்நாட்டுக் காய் முழுக்க விஷம்"னு இங்க கேரளாவுல சொல்றப்போ எனக்கு வலிக்குது. அந்த விஷத்தை முதல்ல சுவாசிக்கிறது மருந்து அடிக்கிறவர்தான்.

வெள்ளாயணி வேளாண் கல்லூரி ஆய்வகத்துல காய்கறியில மருந்து எச்சம் இருக்கான்னு சோதிக்கிறாங்க. அந்த முடிவைச் சந்தை வாசல்லயே, மலையாளத்துலயும் தமிழ்லயும் எழுதி வெக்கணும். ஆர்கானிக் விலை கட்டுப்படியாகாத வீட்டுக்கும் தெரிஞ்சுக்கிற உரிமை இருக்குல்ல?

நீங்க எதை நம்பிக் காய் வாங்குறீங்க?