மண்ணும் மூங்கிலும்

"உன் வீடு எத்தகையது?" என்று யாரேனும் கேட்டால், மண் வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் நாங்கள் சிலர் தலைகுனிந்து நிற்போம். அந்த வெட்கத்தைப் போக்கியது ஒரு மாணவியின் வரைபடம்.

ஜெர்மனியைச் சேர்ந்த அன்னா ஹெரிங்கர், 19 வயதில் வங்கதேசத்து ருத்ராபூர் சிற்றூரில் தொண்டாற்றியவர். பின்னர் ஆஸ்திரியாவில் கட்டடக்கலை பயின்றபோது, 2004-இல் தம் பட்டப்படிப்பிற்காக அவ்வூருக்கே ஒரு பள்ளியை வரைந்தார். அவ்வரைபடம் பரணில் உறங்கிவிடவில்லை! 2005-இல் ஊர் மக்களும் உடனுழைக்கக் கட்டடம் எழுந்தது. மாடுகள் மிதித்துக் குழைத்த, வைக்கோல் கலந்த மண்ணால் தடித்த சுவர்கள். மேல்மாடியோ மூங்கிலால் ஆனது. 2007-இல் ஆகா கான் விருது அப்பள்ளியைத் தேடி வந்தது.

உலகம் வியக்கும் அச்சுவரும் எங்கள் வீட்டுச் சுவரும் மண்தானே! இனி எவர் கேட்டாலும் நிமிர்ந்து நின்றே சொல்வோம்: "எங்கள் வீடு மண் வீடு!"